வெட்டுவதற்கு எதுவும் இல்லாத பில்

என் விசிட் விசா முடிய ஏழு வாரம் இருந்தபோது முனீர் ஒரு மாதத்துக் கான்கிரீட் பில்லை என் பொறுப்பில் விட்டார்.

முனீர் ஜோர்டான்காரர். ஜித்தாவுக்கு வடக்கே ஒரு பெரிய பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் கம்பெனியில் அந்த வேலைக்கு அவர்தான் மேலாளர். சைட்டில் இருந்த கன்டெய்னர் அறையில், ஏ.சி.க்கு நேர் எதிரே உட்கார்ந்து, என் கைபேசியில் இருந்த பட்டச் சான்றிதழின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒரிஜினல் எங்க?"

"கார்த்தூம்ல. ஆபீஸ் மேஜை டிராயர்ல."

"ஆபீஸ்?"

"அங்க சண்டை நடக்குது. அந்தத் தெருவுக்கு இப்ப யாரும் போக முடியாது."

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பாருங்க பாபிகிர், ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. ஒரிஜினல் இல்லாம, அதுல முத்திரை இல்லாம, உங்களை இங்க இஞ்சினியர்னு பதிய மாட்டாங்க. ஆனா எங்க ஹெட் ஆபீஸ் நெனச்சா ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமா அனுமதி வாங்கலாம். அதுக்கு நான் கேக்கணும். நான் வாயைத் தொறக்கணும்னா நீங்க ஏதாவது செஞ்சு காட்டணும். இந்த மாச பில் உங்களோடது. நல்லபடியா வந்தா கேக்கறேன்."

"நல்லபடியான்னா?"

"ஊத்துன கான்கிரீட்டுக்குக் கன்சல்டன்ட் கையெழுத்து வாங்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். கார்த்தூமில் பத்தொன்பது வருடம் நான் செய்தது அந்த வேலைதான். என் மனைவி இக்லாஸ், இரண்டு பெண் பிள்ளைகள், நான் என்று நான்கு பேரும் போர்ட் சூடானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து என் அக்கா அவாதியாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். ஏழு வாரத்துக்குள் வேலை விசா கிடைக்காவிட்டால் அந்த அறையும் இல்லை, ஊரும் இல்லை.

என் வேலையைச் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. இக்லாஸைப் பெண் கேட்டுப் போன அன்று, மாப்பிள்ளை அளவெடுக்கிறார் என்று என் வீட்டில் சொல்ல, அவளுடைய அப்பா இரண்டு நாள் என்னைத் தையல்காரன் என்றே நினைத்திருந்தார். கட்டடத்தை அளக்கிறேன் என்று தெரிந்ததும் கவலையாகிவிட்டார். "ஜலாபியா தைச்சா போடறதுக்கு ஆள் இருக்கு. கட்டி முடிச்ச கட்டடத்தை அளந்து என்ன ஆகப்போவுது?" என்றார்.

நல்ல கேள்வி. பதிலும் நன்றாக இருக்கும். கட்டடத்தை யாரும் முழுதாகக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரே தடவையில் பணம் வாங்குவதில்லை. கான்ட்ராக்டர் மாதா மாதம் ஒரு பில் போடுவார்: இந்த மாதம் இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை சதுர மீட்டர் சுவர். உரிமையாளர் தரப்பில் கன்சல்டன்ட் என்று ஒரு நிறுவனம் இருக்கும். அது பில்லைச் சரிபார்த்து, ஒத்துக்கொண்ட அளவுக்குக் கையெழுத்துப் போடும். இரண்டு பக்கத்திலும் கட்டடத்தை எண்ணாகப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அவர்தான் குவாண்டிட்டி சர்வேயர்.

நீளம், அகலம், உயரம், மூன்றையும் பெருக்கினால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் நீளம் எங்கே தொடங்குகிறது? ஒரு தூணும் ஒரு பீமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த மூலையில் இருக்கும் சிறிய கான்கிரீட் கட்டி தூணுடையதா, பீமுடையதா? இரண்டிலும் எண்ணினால் ஒரே கான்கிரீட்டுக்கு இரண்டு தடவை பணம் போகும். இரண்டிலும் விட்டால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம். ஆகவே விதி இருக்கிறது. அந்தக் கட்டி தூணுடையது; பீம் தூணின் முகத்தோடு நின்றுவிடும். மேல்தளம் முழுதாக ஓடும். பீமை மேல்தளத்துக்கு அடியிலிருந்துதான் அளக்க வேண்டும். ஓட்டைக்கும் விதி உண்டு. குழாய் போவதற்காகத் தளத்தின் நடுவில் சின்ன ஓட்டை விட்டால் அதைக் கழிப்பதில்லை. மிச்சமான கான்கிரீட்டைவிட, ஓட்டை விடுவதற்கான மரச் சட்டம் அடிக்கும் வேலை அதிகம். அதே ஓட்டை தளத்தின் விளிம்பில் இருந்தால் எவ்வளவு சின்னதானாலும் கழித்தே ஆக வேண்டும். அது ஓட்டையே இல்லை. தளத்தின் வடிவமே அப்படி என்று பொருள். இந்த விதியை யோசித்தவர் நிச்சயம் ஒரு நாளாவது ஆசாரிகளோடு வெயிலில் நின்றிருக்கிறார். எனக்கு இவையெல்லாம் பிடிக்கும். இதற்கு மேல் பிடிப்பதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

கார்த்தூமில் நான் கன்சல்டன்ட் பக்கம் இருந்தேன். வருகிற பில்லை வெட்டும் பக்கம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருடம் தைசீர் இருந்தாள். அவள் அளவை வாசிப்பாள், நான் பெருக்குவேன்; மறுநாள் நான் வாசிப்பேன், அவள் பெருக்குவாள். கான்ட்ராக்டர்கள் எங்கள் மேஜையை சலூன் என்பார்கள். உள்ளே வரும்போதே, "முடி நல்லா வளர்த்துக் கொண்டாந்திருக்கோம் தைசீர், பாத்து வெட்டும்மா, காதை விட்டுடு," என்பார்கள். அவளும் கத்தரிக்கோலைத் தேடுவது போல் டிராயரைத் திறப்பாள்.

போர் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே அவள் தன் கணவர் முத்தஸிமோடு ஜித்தாவுக்கு வந்துவிட்டாள். இங்கே எந்த நிறுவனத்தில் இருக்கிறாள் என்று நான் விசாரித்ததில்லை. எனக்குச் சொன்னவன் ஷௌக்கி.

ஷௌக்கி எகிப்துக்காரன். முனீரின் கன்டெய்னருக்கு அடுத்த கன்டெய்னரில் இருந்துகொண்டு அதுவரை எல்லா மாத பில்லையும் போட்டவன். என் மேல் அவனுக்குப் பொறாமை இல்லை. அவனுக்கு சுண்ணாம்பு, டைல்ஸ் வேலைகளே தலைக்கு மேல் இருந்தன. சூடான்காரர்களை எல்லோரும் கூப்பிடுவது போல என்னை 'ஸோல்' என்றே கூப்பிட்டான்.

"ஸோல், கன்சல்டன்ட்ல பில் பாக்கறது உங்க ஊர்ப் பொம்பளைதான். தைசீர்னு பேரு. முள்ளு மாதிரி இருக்கும். போன மாசம் நான் போட்டதுல நூத்துக்கு ஒம்பது வெட்டிடுச்சு."

என் முகத்தைப் பார்த்து, "என்ன, தெரியுமா?" என்றான்.

"ஒன்பது வருஷம் பக்கத்து நாற்காலி."

"அடேயப்பா! அப்ப உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இருந்தாலும் சொல்றேன். பதினஞ்சு மேல போடுங்க. அது ஒம்பது, பத்து வெட்டும். நமக்கு அஞ்சு நிக்கும், சேதாரத்துக்குச் சரியாப்போகும். வெட்டறதுக்கு ஏதாவது வெச்சாத்தானே அதுவும் வேலை செஞ்ச மாதிரி இருக்கும்?"

இது எனக்குப் புதிதல்ல. கார்த்தூமிலும் எல்லோரும் மேலே போட்டார்கள், நாங்களும் வெட்டினோம். ஆனால் பத்தொன்பது வருடம் வெட்டிய கைக்கு, இல்லாத கான்கிரீட்டை எழுத வரவில்லை. இந்தத் தடவை எழுத வேண்டிய தேவையும் இல்லை என்று எனக்குப் பட்டது. எதிரே உட்கார்ந்திருப்பது தைசீர். என் அளவு அவளுக்குத் தெரியும். இருப்பதை இருக்கிற மாதிரி எழுதினால் அவள் இருக்கிற மாதிரியே கையெழுத்துப் போடுவாள். பில்லில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் வரும். அப்படி ஒரு பில்லை முனீர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

"ஸோல், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ஷௌக்கி."

பத்து நாள் அளந்தேன். ஜூலை மாதம், நடுப்பகலில் வெளி வேலைக்குத் தடை. விடிந்ததும் போய்ப் பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு, மீதி நேரம் கன்டெய்னரில் வரைபடத்தோடு உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கையில் டேப் பிடிக்காமல் இருந்திருந்தேன். முதல் நாள் ஒரு தூணின் நான்கு பக்கத்தையும் தேவையில்லாமல் இரண்டு முறை அளந்தேன். வீட்டுக்குப் போனபோது கழுத்தில் உப்புப் படிந்திருந்தது. இக்லாஸ் என்னைப் பார்த்துவிட்டு, "பாருங்க, இவரு சிரிக்கறாரு," என்று என் அக்காவிடம் சொன்னாள்.

கார்த்தூமில் எங்கள் மேஜைக்கு ஒரு பழக்கம் உண்டு. நாமே டேப் பிடித்து அளந்த அளவு என்றால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் எழுதுவோம். கான்ட்ராக்டர் சொன்னதை நம்பி எடுத்துக்கொண்டது என்றால் இரண்டு. எங்கும் எழுதிவைக்காத பழக்கம். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இந்த பில்லில் எல்லா வரியிலும் மூன்று இலக்கம் எழுதினேன். கடைசி வரி: 1,236.418 கன மீட்டர்.

பதினான்கு ஃபுட்டிங்குகளுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. ஃபுட்டிங் என்றால் தூணுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் பாதம். அதில் கான்கிரீட் ஊற்றும் முன் கன்சல்டன்டின் ஆய்வாளர் வந்து கம்பிகளைப் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஊற்றி, மண்ணை மூடிவிட்டால் பிறகு யாரும் பார்க்க முடியாது அல்லவா? அந்தப் பதினான்குக்கும் ஆய்வாளர் வந்து பார்த்திருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்குள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். தாள் இருந்தது, கையெழுத்து இல்லை. இப்படிப்பட்டதும் கார்த்தூமில் மாதத்துக்கு ஒன்று வரும். நாங்கள் தலையை உயர்த்தி ஜன்னல் வழியே பார்ப்போம். தூண் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் அதற்குப் பாதம் இருக்கிறது. ஒத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அதையும் அப்படியே வைத்து பில்லை அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து பில் திரும்பி வந்தது.

முனீர் என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் தாள்களைத் திருப்பி வைத்தார். பதினான்கு ஃபுட்டிங்: நிறுத்திவைக்கப்பட்டது. அவற்றுக்கு அடியில் இருந்த படுகைக் கான்கிரீட்: நிறுத்திவைக்கப்பட்டது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து மண்ணுக்குள் ஓடும் பீம்கள்: நிறுத்திவைக்கப்பட்டது. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: ஆய்வுத் தாளில் கையெழுத்து இல்லை, இப்போது சரிபார்க்க வழியில்லை. மொத்தம் 94.604 கன மீட்டர் போய், 1,141.814 நின்றது. கீழே தைசீரின் சுருக்கக் கையெழுத்து. அந்த வளைவை நான் ஆயிரம் தாள்களில் பார்த்திருக்கிறேன்.

"தூணெல்லாம் காத்துலயா நிக்குது?" என்றார் முனீர்.

நான் தாள்களை என் பக்கம் இழுத்து எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

"நான் அந்தப் பொம்பளைகிட்ட ஃபோன்லயே கேட்டேன். தூண் நிக்குதேம்மா, அடியில பாதம் இல்லாமயான்னு. 'பாத்தாத்தான் சொல்ல முடியும், தோண்டிக் காட்டுங்க'ங்குது. தோண்டறதா? மேல தளம் போட்டாச்சு!" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கான்கிரீட் பிளான்ட்லேர்ந்து ஆயிரத்து இருநூத்து அறுபத்தெட்டு வாங்கியிருக்கோம். ஷௌக்கி இருந்தா ஆயிரத்து நானூறுக்குப் பக்கமா எழுதியிருப்பான். வெட்டுனா வெட்டிட்டுப் போகட்டும்னு இருந்திருப்பான். நீங்க எவ்ளோ மேல போட்டீங்க?"

"போடலை."

"எதுவுமே?"

"எதுவுமே."

முனீர் தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் வைத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்ல மனுஷன்யா நீங்க," என்றார். ஏ.சி.யின் திசையைத் திருப்பிவிட்டு, "இதை வெச்சுக்கிட்டு நான் ஹெட் ஆபீஸ்ல என்னன்னு கேக்கறது?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் தைசீரும் முத்தஸிமும் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். அக்காதான் கூப்பிட்டிருந்தாள், பில் விஷயம் அவளுக்குத் தெரியாது. தைசீர் ஒரு பாத்திரத்தில் அசீதாக் களியும் வெண்டைக்காய்ப் பொடிக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் முத்தஸிம் அஸர் தொழுகைக்குக் கிளம்பினார். நான் வரவில்லை என்றேன். அக்கா காபிக்கு இஞ்சி இடிக்க உள்ளே போனாள். அறையில் நானும் தைசீரும் இக்லாஸும் இருந்தோம்.

தைசீர் உடலைச் சுற்றியிருந்த தோப் துணியின் முனையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஒரு ஐம்பது கன மீட்டராவது மேல போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

"இல்லாத கான்கிரீட்டையா?"

"ஆமா. இல்லாததைத்தான். இருக்கறதையா போடுவாங்க?"

"தைசீர், எல்லா வரியும் மூணு இலக்கம் எழுதியிருந்தேன்."

"பாத்தேன்."

"உனக்குப் புரியலையா?"

"மொதப் பக்கத்துலயே புரிஞ்சுடுச்சு. அங்கயே பேனாவைக் கீழ வெச்சுட்டேன்." இப்போது என்னைப் பார்த்தாள். "நாலு நாள் அந்த பில்லை வெச்சுக்கிட்டுத் தப்புத் தேடுனேன் பாபிகிர். பீம் எங்கயாவது தளத்துக்குள்ள போயிருக்கா? விளிம்புல ஓட்டை எதையாவது கழிக்காம விட்டிருக்காரா? ஒண்ணுமே இல்ல. ஒரு தப்பாவது விட்டுவெச்சிருக்கலாம்ல? ஒரே ஒரு படிக்கட்டை ரெண்டு தடவ எழுதியிருக்கலாம்ல? மனுஷங்க அப்படித்தானே செய்வாங்க?"

"தப்பில்லைன்னா கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

"போட்டு?" அவள் குரல் ஏறியது. "எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு மாசமும் ஒரு தாள் போடுவாங்க. யார் யாரு எவ்ளோ வெட்டுனாங்கன்னு. அந்தத் தாளை வெச்சுத்தான் எனக்கு இங்க வேலை. என் பேருக்கு நேரா சைபர். எந்தக் கம்பெனி பில்? புதுசா ஒரு சூடான்காரர் வந்த கம்பெனி. அந்த சூடான்காரர் யாரு? கார்த்தூம்ல என்கூட ஒரே மேஜையில இருந்தவரு. இதை மறைக்க முடியுமா? உங்க பயோடேட்டாவுலயும் என் பயோடேட்டாவுலயும் ஒரே ஆபீஸ் பேரு இருக்கு. என் மேலாளர் பில் வந்த அன்னிக்கே கேட்டார்: 'இவர உனக்குத் தெரியுமா?' நான் என்ன சொல்ல?"

"தெரியும், நேர்மையான ஆளுன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். 'அப்படியா, நல்லது'ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை நீங்க பாத்திருக்கணும்."

இக்லாஸ் தட்டில் இருந்த லுகைமாத் இனிப்பு உருண்டைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க மேல போடுவீங்கன்னு நான் நெனச்சேன்," என்றாள் தைசீர். "எனக்காகப் போடுவீங்கன்னு. கான்ட்ராக்டர் பக்கம் போனதும் யாரா இருந்தாலும் போடுவாங்க. அதுலயும் என்னைத் தெரிஞ்சவரு, நான் என்ன செஞ்சாகணும்னு தெரிஞ்சவரு, தாராளமாவே வைப்பாருன்னு. நான் அதை எடுத்துக்குவேன், உங்க உண்மையான அளவு பத்திரமா நிக்கும், ரெண்டு பேரும் பொழச்சுக்கலாம்னு. நீங்க வெட்ட ஒண்ணுமே வெக்கலை. அப்ப நான் எதை வெட்டறது? யாரும் பாக்க முடியாததைத்தான் வெட்ட முடியும். மண்ணுக்குள்ள இருக்கறதை."

நான் சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது: "கார்த்தூம்ல தூண் நின்னா போதும்னு விட்டோமே."

"கார்த்தூம்ல ஜன்னல் இருந்துச்சு," என்றாள். "இங்க சைட்டுக்கும் என் மேஜைக்கும் நாப்பது கிலோமீட்டர்."

அக்கா காபிப் பானையோடு வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, யாராவது மௌத்தாயிட்டாங்களா?" என்றாள்.

"யாருமில்ல," என்றாள் இக்லாஸ். "இவங்க ரெண்டு பேரும் பேசிக்காமயே ஒருத்தருக்கு ஒருத்தர் உதவி செஞ்சிருக்காங்க. நாம நடுத்தெருவுல நிக்கறோம்."

தைசீரின் கண் கலங்கியது. அக்கா அவளுக்கு முதல் கோப்பையை ஊற்றினாள். முத்தஸிம் தொழுகை முடிந்து திரும்பும்போது ஒரு தர்பூசணியோடு வந்து, கடைக்காரன் எப்படித் தட்டிப் பார்த்துக் கொடுத்தான் என்று ஆர்வமாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

நிறுத்திவைத்ததை மீட்க வழி இல்லாமல் இல்லை. கான்கிரீட் ஊற்றும்போது ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். அந்த அறிக்கையில் எந்த இடத்துக்குப் போன கான்கிரீட் என்று எழுதியிருக்கும். பதினான்கு ஃபுட்டிங்குக்கும் அறிக்கை இருந்தால், அவை இருக்கின்றன என்று நிரூபிக்கலாம். இரண்டு நாள் தேடி, பதினொன்றுக்குக் கண்டுபிடித்தேன். மீதி மூன்றில் இடம் எழுதவேண்டிய கட்டத்தில் யாரோ 'கிழக்கு' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இருந்ததை முனீரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோப்பில் வைத்தார். நிறுத்திவைத்ததெல்லாம் கடைசிக் கணக்கில் பார்க்கப்படும் என்றார். கடைசிக் கணக்கு என்றால் பள்ளிக்கூடம் முழுதாகக் கட்டி முடிந்த பிறகு. இரண்டு வருடம். என் விசாவில் அப்போது பத்தொன்பது நாள் மீதி இருந்தது.

"ஹெட் ஆபீஸ்ல கேட்டேன்," என்றார் முனீர், அடுத்த வாரம். "பொய் சொல்ல மாட்டேன், பெருசா அழுத்திக் கேக்கலை. கேட்டாலும் நடந்திருக்காது. வேற ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஸ்டோர்ல ஆள் வேணும். கையுறை, ஹெல்மெட், ஆணி, கம்பி கட்டற ஒயர் குடுக்கற வேலை. அதுக்கு விசா என் கையிலயே இருக்கு. பட்டம் கிட்டம் எதுவும் வேணாம். ஒரு வாரத்துல இங்க தங்கறதுக்கான கார்டு வந்துடும்."

"கார்டுல என்ன போடுவாங்க?"

"ஸ்டோர் கீப்பர்."

அந்தக் கார்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். விசாரித்து வைத்திருந்தேன். அதில் எழுதிய தொழிலைத்தான் செய்ய வேண்டும். இன்னொரு கம்பெனிக்குப் போனாலும் அந்தத் தொழிலோடுதான் போக முடியும். தொழிலை மாற்ற வேண்டுமென்றால் பட்டத்தின் ஒரிஜினல் வேண்டும், முத்திரையோடு. ஒரிஜினல் கையில் இருந்தால் ஸ்டோர் கீப்பர் கார்டே தேவைப்பட்டிருக்காது. சுற்றிச் சுற்றி வந்து அதே கதவில் நிற்கும் ஏற்பாடு. நன்றாக யோசித்துச் செய்தது போலவே இருந்தது. குற்றம் சொல்ல ஓரிடமும் இல்லை.

இக்லாஸிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவளின் பாவாடையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டா திரும்ப அளக்க முடியுமா?" என்றாள்.

"முடியாது."

"போடலைன்னா?"

"பன்னெண்டு நாள்ல கிளம்பணும்."

"எங்க?"

மறுநாள் காலை போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டோர் என்பது இன்னொரு கன்டெய்னர். ஒரு பக்கத்தை வெட்டி ஜன்னல் வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வரிசை தொடங்கும். யார் எதைக் கேட்பார்கள் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கம்பி கட்டுபவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக் கையுறை கிழியும். சென்ட்ரிங் ஆட்களுக்கு இரண்டு நாள் வரும். அதற்குத் தகுந்த மாதிரி அலமாரியை மாற்றி அடுக்கினேன். யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்கவில்லை.

மாதக் கடைசியில் ஷௌக்கி ஒரு கட்டுத் தாளோடு வந்தான். கான்கிரீட் லாரிகளின் ரசீதுகள் ஸ்டோரில்தான் இருந்தன. அவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றான். ஜன்னல் பலகையில் புதிய பில்லை விரித்தான். எனக்குத் தலைகீழாக இருந்தது. தலைகீழாகவும் படிக்க முடிகிறது.

"கிழக்குப் பக்கப் படிக்கட்டை விட்டுட்டே," என்றேன். "ஒண்ணாம் மாடிலேர்ந்து ரெண்டாம் மாடிக்குப் போறது. தளம் எழுதியிருக்கே, நடுவுல திரும்பற மேடை எழுதியிருக்கே. படி இல்ல."

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். விரலால் வரி வரியாகக் கீழே வந்தான். "ஆமா ஸோல். இல்லதான்." நெற்றியைச் சொறிந்தான். "எவ்ளோ வரும்?"

காலையில் அந்தப் படிக்கட்டில்தான் ஏறிப் போயிருந்தேன். எண்ணிக்கொண்டே ஏறியிருந்தேன். "மூணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. டேப் குடு, சரியாச் சொல்றேன்."

"அட, விடுங்க. இதுக்குப் போய் தாளை மாத்தணும், கூட்டலை மாத்தணும்." கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தினான். "மேல போட்டதுல அடங்கிடும். தைசீர் அம்மாவுக்கு இந்தத் தடவ பதினாறு வெச்சிருக்கேன். சந்தோஷமா வெட்டிக்கட்டும்."

ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் படிக்கட்டில் அன்று முழுக்க ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எழுதாவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது; அது எப்படி என்று படிப்படியாக யாருக்கு வேண்டுமானாலும் என்னால் விளக்கியிருக்க முடியும்.

ஜன்னலில் ஒருவர் வந்து நின்று கையுறை வேண்டும் என்றார். பெரியதா, நடுத்தரமா என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரி," என்றார்.